கொழும்புக்குப் போன தண்ணீர்

அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் நடந்தது இது. தோட்டத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் மற்றத் தோட்டத்துக்காரர்கள் ‘நல்லவேளை, நம்முடையது இல்லை’ என்று நிம்மதியாகத் தேத்தண்ணி குடிப்பார்கள். அந்த நிம்மதியை யாருக்கும் கொடுக்க எனக்கு மனமில்லை.

அந்தத் தோட்டத்தில் பணிய லயம் என்று ஒரு தொழிலாளர் குடியிருப்பு வரிசை இருந்தது. பணிய என்றால் கீழே. மலைச் சரிவில் எல்லாவற்றுக்கும் கீழே இருந்ததால் அந்தப் பெயர். மேலே இருப்பவர்கள் கழுவி ஊற்றுவதும் கூட்டித் தள்ளுவதும் கடைசியில் அங்கேதான் வந்து சேரும். லயத்துக்குப் பின்னால் கொஞ்சம் ஏறினால் ஒரு பள்ளம். தேயிலை நட லாயக்கில்லை என்று எந்தக் காலத்திலோ ஒதுக்கிவிட்ட பள்ளம். முதலில் தேயிலை காயவைக்கும் ஸ்டோரின் அடுப்புச் சாம்பலைக் கொட்டினார்கள். பிறகு கிழிந்த சாக்கு, உடைந்த தகரம், எஞ்சின் எண்ணெய். அறுபதாம் ஆண்டு வாக்கில் புல்லைக் கொல்லும் மருந்து பீப்பாய் பீப்பாயாக வந்து இறங்கியது. காலிப் பீப்பாய்களும், மருந்து அடியில் கட்டிபட்டுப் போன பீப்பாய்களும் அதே பள்ளத்துக்குள் உருண்டன. மேலே மண்ணை இழுத்து மூடினார்கள். அடியில் களிமண் போட்டு இடித்திருக்கிறது, ஒரு சொட்டுக்கூட வெளியே போகாது என்று தோட்டத்தை நடத்தும் தொரை சொன்னார். தொரை சொன்னால் ஆள் கேட்கும். மண் கேட்குமா என்று யாரும் யோசிக்கவில்லை.

பள்ளத்துக்குக் கிடங்கு என்று பெயர் வந்தது. அந்தக் கிடங்கு இன்று அங்கே இல்லை. அடுத்த மலைக்கு மாற்றிவிட்டார்கள். அந்த மலைக்குக் கீழேயும் ஒரு லயம் இருக்கிறது, லயத்து முன்னால் ஒரு பீலியும் இருக்கிறது.

பணிய லயத்துப் பீலியும் அப்படித்தான் இருந்தது. மலையில் கசிகிற தண்ணீரைச் சேர்த்து ஒரு இரும்புக் குழாய் வழியாக விட்டிருந்தார்கள். இரவும் பகலும் கொட்டிக்கொண்டே இருக்கும். குடிக்க, குளிக்க, துணி துவைக்க, பிள்ளை கழுவ எல்லாவற்றுக்கும் அது ஒன்றுதான். கிடங்குக்கும் பீலிக்கும் நடுவே ஒரு தேயிலைச் சரிவு மட்டும்தான்.

நாகலெட்சுமி அந்த லயத்துக்காரி. பிள்ளை மடுவத்தில் ஆயா வேலை. கொழுந்து எடுக்கப் போகும் பெண்கள் விடியற்காலையில் கைக்குழந்தைகளை அங்கே விட்டுவிட்டுப் போவார்கள். அவள் பீலியில் தண்ணீர் பிடித்து, கொதிக்க வைத்து, பால்மா கரைத்துக் கொடுத்து, தொட்டிலாட்டி, சாயங்காலம் எண்ணித் திருப்பிக் கொடுப்பாள். சுத்தக்காரி என்று பெயர் எடுத்தவள். வாய்த் துடுக்கும் கொஞ்சம் உண்டு. அவளுக்கு இரண்டு குழந்தைகள் பிறந்து தங்கவில்லை. மூன்றாவதாக முனியாண்டி கோயிலில் நேர்ந்துகொண்டு பெற்றவள்தான் வீரம்மா. இரண்டு வயது நடந்துகொண்டிருந்தது. அந்தப் பிள்ளையும் அதே மடுவத்தில்தான் வளர்ந்தது. அதே பால்தான் குடித்தது. நாகலெட்சுமிக்கு அந்தப் பிள்ளையைத் தவிர உலகத்தில் வேறு எது போனாலும் பரவாயில்லை. அதை மறைக்கவும் மாட்டாள், எல்லோரிடமும் சொல்லுவாள்.

அவள் புருசன் பழனியாண்டிக்கு மருந்தடிக்கிற கூட்டத்தில் வேலை. பீப்பாயை உருட்டியவர்களில் அவனும் ஒருவன். வேலை முடிந்து வந்தால் அவன் உடம்பில் வீசும் நாற்றத்துக்கு வீரம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடும். அவனுக்கு அது விளையாட்டு.

ஓடையோடு கீழே போனால் சிங்களக் கிராமம். அங்கே எருமைகள் ஒன்றன் பின் ஒன்றாக வயிறு ஊதிச் செத்தன. கிராமத்து ஆட்கள் தங்கள் தலைவரான ஆரச்சியைக் கூட்டிக்கொண்டு ஆபிஸ் வாசலில் வந்து நின்றார்கள். நம் கிடங்கில் எந்த ஓட்டையும் இல்லை என்று தொரை சொல்லி அனுப்பிவிட்டார். ஆனால் விசயம் எப்படியோ கம்பெனி காதுக்குப் போய், மாதா மாதம் தண்ணீர் பிடித்துக் கொழும்புக்கு அனுப்ப வேண்டும், அங்கே சோதித்துப் பார்ப்பார்கள் என்று உத்தரவு வந்தது. தொரை அதைத் தோட்டத்து ஆஸ்பத்திரி டிஸ்பென்சரிடம் சொன்னார். டிஸ்பென்சர் கணக்கப்பிள்ளை இராமையாவிடம் தள்ளினார். இராமையா சுற்றுமுற்றும் பார்த்தார். தண்ணீரோடு புழங்குகிறவள், சுத்தக்காரி, வேலையை ஒழுங்காகச் செய்கிறவள் என்று நாகலெட்சுமிதான் கண்ணில் பட்டாள். மேலே இருந்து எது விழுந்தாலும் கடைசியில் பணிய லயத்தில்தான் விழும் என்று சொன்னேனே.

மூன்று போத்தல். டவுனில் மர்சூக் நானா கடையில் சர்பத் விற்றுக் காலியான போத்தல்கள். கழுத்தில் நூல் கட்டியிருந்தது. சிவப்பு நூல் போத்தலில் கிடங்குக்கு மேலே ஓடைத் தண்ணீர், வெள்ளை நூலில் கிடங்கின் அடியில் கசியும் தண்ணீர், கறுப்பு நூலில் லயத்துப் பீலித் தண்ணீர். கொழும்பில் பெரிய டாக்டர்மார் இதைப் பார்ப்பார்கள் என்று இராமையா சொன்னார். எதற்காகப் பார்ப்பார்கள் என்று சொல்லவில்லை. அவருக்கும் யாரும் அதைச் சொல்லவில்லை என்பதே உண்மை.

முதல் முறை நாகலெட்சுமி சொன்ன இடத்துக்குத்தான் போனாள். கிடங்கின் அடியில் குனிந்து போத்தலை நீட்டினாள். தண்ணீரின் மேலே எண்ணெய்ப் படலம் நின்றது. புருசன் மேல் வீசுகிற அதே நாற்றம் லேசாக வந்தது. போத்தலை வெளியே இழுத்துக்கொண்டாள். இதையா கொழும்புக்கு அனுப்புவது என்று அவளுக்கு வெட்கமாகிவிட்டது.

மடுவத்துக்கு வரும் முன் அவள் பத்து வயதிலிருந்து கொழுந்து எடுத்தவள். கொழுந்து நிறுக்கிற இடத்தில் கணக்கப்பிள்ளை கூடைக்குள் கையை விடுவார். முற்றின இலை ஒன்று அகப்பட்டால் போதும், அதைத் தூக்கி எல்லோர் முன்னாலும் முகத்தில் எறிவார். அன்றைக்கு அரைப் பேர், அரை நாள் சம்பளம்தான். மேலே போகிறது நல்லதாக இருக்க வேண்டும், மட்டமானது தெரியக்கூடாது என்பதை அந்தத் தோட்டம் அவள் எலும்பில் எழுதி வைத்திருந்தது. போதாததற்கு டிஸ்பென்சர் வேறு, லயத்துச் சனம் பீலியில் துணி துவைத்து அசிங்கம் பண்ணுகிறது என்று வாரம் தவறாமல் கத்துவார். கெட்ட தண்ணீர் போனால் பழி யார் தலையில் விழும் என்று அவளுக்குச் சந்தேகமே இல்லை.

அதனால் மேலே ஏறினாள். லயத்தைவிட்டு நல்ல உயரத்தில், மலை உச்சிக்குக் கொஞ்சம் கீழே முனியாண்டி கோயில். அதன் பின்னால் பாறை இடுக்கில் ஒரு ஊற்று. பொங்கலுக்கும் நேர்த்திக்கும் மட்டும் அந்தத் தண்ணீரை எடுப்பார்கள். வீட்டுப் புழக்கத்துக்குத் தொடக்கூடாது. நாகலெட்சுமி குளித்து, ஈரச் சேலையோடு, செருப்பில்லாமல் ஏறி, சாமியிடம் சொல்லிவிட்டு மூன்று போத்தலையும் அங்கேயே நிரப்பினாள். நான்காக மடித்த துணியில் வடிகட்டி வேறு. கண்ணாடி போல இருந்தது தண்ணீர்.

இதைக் கேட்டுச் சிரிக்கிறவர்கள் சிரிக்கலாம். ஆனால் வீட்டுக்கு வந்த விருந்தாளிக்கு அடிப்பிடித்த சோற்றைச் சுரண்டிப் போடுகிற ஆட்கள் மட்டும்தான் சிரிக்கலாம்.

கொழும்பிலிருந்து பதில் வந்தது. வேலை பிரிக்கிற காலைப் பெரட்டில் எல்லோரையும் நிறுத்தி வைத்து இராமையா சொன்னார்: நம் தோட்டத்துத் தண்ணீர் முதல் தரமான தண்ணீராம். சனம் சந்தோசப்பட்டது. ஓட்டுரிமையும் இல்லை, ஊர் என்று சொல்ல ஒரு இடமும் இல்லை, தண்ணீராவது முதல் தரம் என்று கொழும்பு சொல்லிவிட்டதே. நாகலெட்சுமி தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள். நல்ல கொழுந்து கொடுத்த நாளில் வருகிற அதே சிரிப்பு.

தொரைக்கும் தைரியம் வந்தது. தோட்டத்தின் மேல்பிரிவான மேக்கணக்கு மலைகளில் சேர்ந்து கிடந்த பீப்பாய்களையும் இதே கிடங்குக்குக் கொண்டுவரச் சொன்னார். மாதா மாதம் போத்தல் போயிற்று. மாதா மாதம் ‘நல்லது’ என்று பதில் வந்தது. மூன்று இடத்துத் தண்ணீர் ஒரு வித்தியாசமும் இல்லாமல் எப்படி அச்சடித்தது போல இருக்கிறது என்று கொழும்பில் படித்தவர்கள் யாரும் கேட்கவில்லை. நல்ல செய்தியை யார்தான் கிளறுவார்கள்.

அந்த வருசம் தென்மேற்கு மழை பிய்த்துக்கொண்டு அடித்தது. மழைக்குப் பிறகு மடுவத்தில் பிள்ளைகள் வாந்தி எடுக்கத் தொடங்கின. கஞ்சித் தண்ணீர் போல வயிற்றால் போயிற்று. ராக்காயி என்பவள் நாகலெட்சுமியின் பக்கத்துக் காம்பரா, அடுத்த அறைக்காரி. அவளுடைய ஏழு மாதப் பையன்தான் முதலில் போனான். டிஸ்பென்சர் வந்து வாசலில் நின்றபடியே, பூச்சிதான் காரணம், பிள்ளைக்குக் கொடுக்கும் முன் கையைக் கழுவுகிறீர்களா என்று கேட்டார். ராக்காயி, பீலித் தண்ணியில இப்பல்லாம் ஒரு வாடை வருதுங்க என்றாள். அதற்கு அவர் சொன்னதுதான் முக்கியம்.

“தண்ணி நல்ல தண்ணின்னு கொழும்பே சொல்லிருச்சு. ஒங்களுக்கு அதவிடத் தெரியுமா?”

பிணத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நாகலெட்சுமிக்குச் சுருக்கென்றது. கொழும்பு சொன்னது எந்தத் தண்ணீரை என்று அவளுக்குத் தெரியும். ஆனால் அந்த நினைப்பை அவள் பிடித்து வைத்துக்கொள்ளவில்லை. டாக்டர்மார் பார்த்தார்கள், நல்லது என்றார்கள், அதற்கும் பிள்ளை சாவதற்கும் என்ன சம்பந்தம் என்று மனசைத் தட்டி உட்கார வைத்தாள். அன்றைக்கு வீரம்மா நன்றாகத்தான் ஓடித் திரிந்துகொண்டிருந்தது.

பிறகு வீரம்மாவுக்கும் வந்தது. வாந்தி நிற்கும், இரண்டு நாள் விளையாடும், திரும்ப வரும். உள்ளங்கைத் தோல் தடித்துச் சொரசொரப்பானது. வயிற்றிலும் முதுகிலும் கறுப்புப் புள்ளி புள்ளியாக விழுந்தது. தலை சீவினால் முடி கொத்தாக வந்தது. டிஸ்பென்சர் பூச்சி மருந்து கொடுத்தார். அது பிள்ளையை இன்னும் காலி பண்ணியது. டவுன் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஒரு துண்டு எழுதிக் கொடுங்கள் என்று பழனியாண்டி கையைக் கட்டிக்கொண்டு கேட்டான். அவருடைய துண்டு இல்லாமல் போனால் வேலைக்கு வராத கணக்கில் போய்விடும். பெரிய ஆஸ்பத்திரியிலும் மதிக்க மாட்டார்கள். பூச்சிக்கெல்லாம் துண்டு கிடையாது என்று அவர் சொல்லிவிட்டார்.

அந்த மாதப் போத்தல் பெட்டியை எடுத்துக்கொண்டு நாகலெட்சுமி ரோட்டுக்கு இறங்கினாள். மர்சூக் நானாவின் லொறிதான் பெட்டியை ஹட்டன் ஸ்டேசனுக்குக் கொண்டுபோகும். நானாவுக்கு ஐம்பது வயதிருக்கும். அரிசி, நெய், மாசிக் கருவாடு என்று தோட்டம் தோட்டமாகச் சாமான் போடுகிறவர். அவள் கடையில் பார்லி கேட்டாள். பிள்ளைக்கு எப்படி இருக்கிறது என்று விசாரித்தார். சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது. அவர் போத்தல் ஒன்றை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். இதே தண்ணியைத்தான் பிள்ளையும் குடிக்கிறதா என்று சாதாரணமாகத்தான் கேட்டார். இல்லை, அது பீலித் தண்ணி, இது சாமி ஊத்துத் தண்ணி, கொழும்புக்குன்னு தனியாப் புடிச்சது என்று அவளும் சாதாரணமாகத்தான் சொன்னாள்.

நானா போத்தலைக் கீழே வைத்தார்.

“தங்கச்சி, நான் நெய் வாங்கினா டின்னுக்கு மேல பாத்து வாங்க மாட்டேன். அடி வரைக்கும் கைய விட்டு எடுத்துத்தான் பாப்பேன். கெட்டது அடியிலதான் கெடக்கும். இந்தப் போத்தலும் அதுக்குத்தான். கெடங்கு ஒழுகுதான்னு பாக்கத்தான் கேக்குறாங்க. கெட்ட தண்ணியத் தேடித்தான் கேக்குறாங்க, நல்ல தண்ணிய இல்ல.”

அவர் குரலை உயர்த்தவில்லை. அவள் பெட்டியைத் திருப்பித் தூக்கிக்கொண்டு மலை ஏறினாள். பார்லியை மறந்துவிட்டுப் போய்விட்டாள். வழி முழுக்க ராக்காயி பையனின் முகம் வந்து வந்து போனது. அவன் செத்த வீட்டில் தான் வாய் திறக்காமல் இருந்தது வந்து வந்து போனது.

பழனியாண்டியிடம் சொன்னாள். அவன் பீலிக்குப் போய் இரண்டு கையாலும் தண்ணீரை ஏந்தி முகர்ந்தான். அந்த நாற்றத்திலேயே கிடந்து மரத்துப் போன மூக்கு அவனுடையது. கண்ணை மூடிக்கொண்டு திரும்ப முகர்ந்தான். பிறகு அங்கேயே குந்திவிட்டான். பீப்பாயை உருட்டியது அவன் கை, போத்தலை நிரப்பியது அவள் கை. அதை இருவரும் சொல்லிக்கொள்ளவில்லை. அவன் சொன்னது வேறு. வெளியே தெரிந்தால் இரண்டு பேருக்கும் சீட்டுக் கிழித்துத் தோட்டத்தைவிட்டு விரட்டுவார்கள், காம்பராவும் போகும், நோயாளிப் பிள்ளையை வைத்துக்கொண்டு எந்த ரோட்டில் நிற்பது என்றான். அவன் பயந்ததில் ஒரு தப்பும் இல்லை. அப்படி ரோட்டில் நின்றவர்களை அவன் பார்த்திருக்கிறான்.

நாகலெட்சுமி அதைக் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. சாமித் தண்ணீரைக் கீழே ஊற்றிவிட்டு, சொன்ன மூன்று இடத்துக்கும் போய் மூன்று போத்தலையும் நிரப்பினாள். வெள்ளை நூல் போத்தல் பழுப்பாக இருந்தது. கணக்கப்பிள்ளையிடம் காட்டாமல் நேரே நானாவின் லொறியில் ஏற்றிவிட்டாள். அன்றையிலிருந்து விடியுமுன் கோயில் ஊற்றுக்கு ஏறி ஒரு குடம் கொண்டுவந்தாள். பூசாரி பார்த்தார். நோயாளிப் பிள்ளைக்கு மட்டும் என்றால் பரவாயில்லை, லயத்துக்கெல்லாம் சாமித் தண்ணியை இறக்காதே என்றார். ஒரு குடத்தில் மடுவத்துக்கே பத்தாது. மிச்சப் பிள்ளைகளின் தாய்மார்களிடம் பீலித் தண்ணீர் வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தாள். சிலர் கேட்டார்கள். வேலை விட்டு இடுப்பொடிந்து வருகிறவர்கள் அவ்வளவு உயரம் ஏறித் தண்ணீர் தூக்குவது எத்தனை நாளைக்கு நடக்கும். முதல் தரம் என்று பெரட்டில் சொன்னதை நம்பியவர்களும் இருந்தார்கள்.

ஒரு நாள் பிள்ளை கண்ணைத் திறக்கவே இல்லை. துண்டு இல்லாமலே, நானா தன் லொறியில் அவர்களை ஏற்றி டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். டாக்டர் பிள்ளையின் நகத்தைப் பார்த்தார். நகங்களில் குறுக்கே வெள்ளைக் கோடு விழுந்திருந்தது. என்ன மருந்து உள்ளே போனது என்று கேட்டார். தண்ணீர் என்று சொன்னார்கள். எவ்வளவு காலமாக என்று கேட்டார். நாகலெட்சுமி கொழும்புக்குப் போத்தல் போன மாதங்களை விரல் விட்டு எண்ணத் தொடங்கினாள். முன்னமே தெரிந்திருந்தால் ஏதாவது செய்து பார்த்திருக்கலாம் என்று டாக்டர் நல்ல மனசோடுதான் சொன்னார். அந்த நல்ல மனசு அவளை அறுத்துப் போட்டது. மறுநாள் பொழுது சாயும் முன் வீரம்மா போய்விட்டாள். லயத்துக்குக் கொண்டுவந்து, தேயிலைக்குள், முதல் இரண்டையும் புதைத்த இடத்துக்குப் பக்கத்திலேயே புதைத்தார்கள்.

கொழும்பிலிருந்து இந்தத் தடவை கடதாசி வரவில்லை. ஆள் வருகிறார் என்று தந்தி வந்தது.

தோட்டம் தலைகீழானது. பெரியவர் எவர் வந்தாலும் அங்கே ஒரே வழக்கம்தான்: ரோட்டோரக் கல்லுக்கெல்லாம் வெள்ளையடிப்பது, தண்ணீர் ஓடும் கானைத் தோண்டுவது, லயத்து வாசலில் தொங்கும் கந்தலை எல்லாம் உள்ளே தள்ளுவது. இந்தத் தடவை பீலியையும் தேய்த்தார்கள். பீலியில் என்ன வருகிறது என்று இராமையாவுக்கு அதற்குள் தெரிந்துவிட்டது. கோயில் ஊற்றிலிருந்து மூங்கில் பிளந்து கட்டி, தண்ணீரைப் பீலிக்கு இறக்கச் சொன்னார். பூசாரி ஒரு தேங்காயை உடைத்துச் சாமியிடம் உத்தரவு வாங்கிக் கொடுத்தார். பிள்ளைகளுக்கு இறங்காத தண்ணீர் கொழும்பு உத்தியோகத்தருக்கு ஒரே நாளில் இறங்கியது. முனியாண்டியைக் குறை சொல்ல மாட்டேன். அவரை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

மூங்கில் கட்டிய ஆட்களில் பழனியாண்டியும் ஒருவன். பிள்ளையைப் புதைத்துப் பத்து நாள்கூட ஆகவில்லை. சொன்ன வேலையைச் செய்தான். பழைய இரும்புக் குழாயின் வாயில் சாக்குத் துணியைத் திணித்து அடைத்தான். மூங்கிலை அதன் மேலேயே வைத்து இறுக்கிக் கட்டினான். நன்றாகக் கட்டியிருக்கிறாய் என்று இராமையா சொன்னார்.

நாகலெட்சுமியை வெளியே வரக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள். தீட்டுக்காரி, பீலிப் பக்கம் வந்தால் சாமித் தண்ணீருக்கு ஆகாது என்று காரணம். மூங்கில் கட்டிய பழனியாண்டிக்கும் அதே தீட்டுத்தானே என்று யாரும் கேட்கவில்லை.

கொழும்பு ஆள் காக்கிக் கால்சட்டை போட்ட ஒரு நடுத்தர வயதுச் சிங்களவர். கையில் தன் சொந்தப் போத்தல் பெட்டியோடு வந்தார். தொரை கூட வந்தார். இராமையாதான் சிங்களத்தில் பேசினார். பீலிக்கு மாவிலைத் தோரணம் கட்டியிருந்தது. மினுக்கின பித்தளைச் சொம்பில் தண்ணீர் பிடித்து நீட்டினார்கள். அவர் குடித்தார். நல்ல தண்ணீர் என்று தலையை ஆட்டினார். லயத்துச் சனத்தின் முகத்தில் ஒரு மலர்ச்சி வந்தது. செத்துக்கொண்டிருக்கிறவர்களுக்கும் பாராட்டு இனிக்கத்தான் செய்கிறது. அவர் தன் போத்தலைத் திறந்து பீலிக்கு நேரே பிடிக்கக் குனிந்தார்.

காம்பரா வாசலில் நின்று நாகலெட்சுமி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் போத்தலும் நிரம்பிப் போய்விட்டால் எல்லாம் முடிந்தது. மடுவத்தில் இன்னும் பிள்ளைகள் இருக்கின்றன. அவள் இறங்கி நடந்தாள். கூட்டம் விலகியது, தீட்டுக்குப் பயந்து விலகியது. இராமையா அதட்டினார். உத்தியோகத்தர் காலிப் போத்தலோடு நிமிர்ந்து பார்த்தார். அவள் நிற்கவில்லை. பீலிக்கு மேலே மேட்டில் ஏறி மூங்கிலைப் பிடித்து இழுத்தாள். கட்டு அவிழவில்லை. ஈரக் கயிறு, மரத்துப் போன விரல், அவளால் ஆகவில்லை. திரும்பிப் புருசனைப் பார்த்தாள்.

பழனியாண்டி கூட்டத்தைவிட்டு வெளியே வந்தான். இடுப்பிலிருந்த, தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியை எடுத்துத் தான் கட்டிய கயிற்றைத் தானே அறுத்தான். மூங்கில் சரிந்து தண்ணீர் பக்கத்துக் கானில் கொட்டியது. அவன் குனிந்து இரும்புக் குழாயின் வாயிலிருந்த சாக்கை இழுத்து எறிந்தான். குழாய் ஒரு தடவை கமறியது. பிறகு பழுப்பாக, எண்ணெய் மினுமினுப்போடு தண்ணீர் விழுந்து, உத்தியோகத்தர் திரும்ப நீட்டிய போத்தலுக்குள் இறங்கியது. நாற்றம் எல்லோருக்கும் தெரிந்தது.

தொரை ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார். உத்தியோகத்தர் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. போத்தலை முகர்ந்தார், மூடினார், பெட்டிக்குள் வைத்தார். பிறகு, ஒரு வருசமாக மூன்று போத்தலும் ஒரே குடத்துத் தண்ணீர் போல இருந்தது, போன தடவை மட்டும் வேறு, அதைப் பார்க்கத்தான் வந்தேன் என்று சிங்களத்தில் சொன்னார். அந்தப் போத்தல்களை யார் நிரப்பியது என்று கேட்டார். இராமையா கையைக் காட்டினார்.

உத்தியோகத்தர் மேட்டில் நின்றவளை அண்ணாந்து பார்த்துக் கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. நல்ல தண்ணீரைத் தேடிப் போய் ஏன் அனுப்பினாய் என்று கேட்டார். இராமையா அதைத் தமிழில் சொன்னார்.

நாகலெட்சுமி சேலைத் தலைப்பால் கையைத் துடைத்துக்கொண்டாள்.

“நீங்க குடிக்கத்தான் கேக்குறீங்கன்னு நெனச்சேங்க.”

இராமையாவுக்குச் சிங்களம் நன்றாகத் தெரியும். சின்ன வயதிலிருந்து பேசுகிறவர். இருந்தும் அந்த ஒரு வாக்கியத்தை அந்த மனிதருக்குச் சொல்லி முடிக்க அவருக்கு நெடுநேரம் பிடித்தது.